சந்தனம் வைத்த பட்டன்

அக்கரப்பத்தனை பஜாரில் வாடகைக்கு ஹயர் கார் ஓட்டும் நல்லமுத்துவுக்கு வயது ஐம்பத்திரண்டு. உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே. பெருமைக்கு மட்டும் அளவே கிடையாது. அந்தப் பெருமையெல்லாம் அவருடைய வெள்ளைக் காரைப் பற்றியது. ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த கார்தான், இருந்தாலும் ஆறு வருடமாக அதைப் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்கிறார்.

காரில் தலை சாய்க்கும் ஹெட்ரெஸ்ட் ஒவ்வொன்றுக்கும் லேஸ் சட்டை தைத்துப் போட்டிருந்தார். சட்டையின் சுருக்கம் சீட்டின் தோளில் அழகாகப் படிந்து நிற்க வேண்டும் என்று எல்லாவற்றையும் அடிமட்டத்துக்கு அமுக்கி வைத்திருந்தார். உயர்த்தினால் அடியில் இரண்டு இரும்புக் கம்பிகள் தெரியும். “அது பாக்க வேட்டி அவுந்த மாதிரி இருக்கும்ங்க” என்பார், யாராவது கேட்டால்.

பக்தியும் அப்படித்தான். ஆயுத பூசை வந்துவிட்டால் ஸ்டியரிங், கியர், நாலு சில்லு, வைப்பர் என்று சந்தனம் வைக்காத இடம் இருக்காது. ஒருமுறை ஹோர்னுக்குள் குங்குமம் போய், அது மூன்று நாள் இருமிக்கொண்டிருந்தது. அப்போதும் மனிதர் அடங்கவில்லை.

இவருடைய மனைவி லெட்சுமிக்கு, கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் வேலை. நல்லமுத்துவைவிட நாலு விரல் உயரம். கல்யாணப் போட்டோவில் அவரைப் படிக்கட்டில் ஏற்றி நிறுத்தித்தான் சரிக்கட்டினார்கள். தினமும் காலையில் முன் சீட்டில் அவளை ஏற்றிக்கொண்டு டயகம ரோட்டில் மடுவம்வரை கொண்டுபோய் விடுவார். அந்த இருபது நிமிடமும் லெட்சுமி பேசுவாள், இவர் “ம்” போடுவார். அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் மனிதர் விடிந்ததும் எழும்புகிறார் என்பது அவருக்கே தெரியாது.

போன மாசி மாதம் அதற்கு ஆப்பு விழுந்தது. ரோட்டைக் கடந்த ஆட்டுக்கூட்டத்துக்காக நல்லமுத்து பிரேக் போட்டு நின்றார். பின்னால் வந்த வேன்காரன் ஆட்டையும் பார்க்கவில்லை, காரையும் பார்க்கவில்லை. லேசான இடிதான், பம்பரில் ஒரு கீறல். ஆனால் முன் சீட்டில் இருந்த லெட்சுமியின் தலை பின்னால் போனபோது தாங்க ஒன்றும் இல்லை. ஹெட்ரெஸ்ட் அவள் பிடரிக்குக் கீழேயே நின்றுவிட்டது. கழுத்து மடங்கி, மூன்று வாரம் பட்டை கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்க வேண்டுமானால் ஆளோடு சேர்ந்து திரும்பினாள்.

“தலைக்கு வைக்கிறது எறக்கமா இருந்திருக்குன்னு டொக்டரே சொல்லிட்டாரு” என்றாள் லெட்சுமி.

“வேன்காரன் மேல தப்பு. என் கார என்னாத்துக்குக் கொற சொல்ற?”

அவ்வளவுதான். பட்டையைக் கழற்றிய மறுநாளே லெட்சுமி பஸ்ஸில் ஏறிவிட்டாள். அதுவும் எங்கே? கார்கள் வரிசையாக நிற்கும் ஸ்டாண்டுக்கு நேர் எதிரே இருக்கும் பஸ் தரிப்பிடத்தில்! ஹயர் கார்க்காரன் பொண்டாட்டி தினமும் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறாள். மானம் போக இதைவிட வேறு வழி வேண்டுமா?

“என்னாண்ணே, அக்காவுக்கு ஹயர் கட்டுப்படியாகலயா?” என்று பக்கத்துக் கார் திலக்ஷன் கேட்டான். ஸ்டாண்டே சிரித்தது.

நல்லமுத்து சிரிக்கவில்லை. கிண்டலைக்கூடத் தாங்கிக்கொண்டார். தனியாகக் கார் ஓட்டும்போது, பேச்சில்லாத அந்த ரோட்டைத்தான் தாங்க முடியவில்லை. ஒருநாள் வெறும் சீட்டைப் பார்த்து “ம்” என்று சொல்லிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

சரி, உயர்த்தித் தொலைப்போம் என்று முடிவெடுத்தார். ஹெட்ரெஸ்ட் அசைந்தால்தானே! இரண்டு கையாலும் இழுத்தார். சீட்டில் காலை ஊன்றி இழுத்தார், லேஸ் சட்டைதான் கிழிந்தது. சுத்தியலால் தட்டினார். தேங்காய் எண்ணெய் ஊற்றினார். அது சீட்டுக்குள் இறங்கி, ஏறிய பயணிகள் முதுகிலெல்லாம் வாசம் அடித்தது.

கடைசியில் ஹட்டனுக்குப் போய் கார் சாமான் கடை மர்சூக் நானா முன்னால் நின்றார்.

“நானா, புதுசா ஒரு ஹெட்ரெஸ்ட் குடுங்க. இது துருப்பிடிச்சிருச்சி.”

மர்சூக் எழுந்து வந்து காரை எட்டிப் பார்த்தார். கம்பி இறங்கும் துளையின் ஓரத்தில் விரலை வைத்தார். “முத்து, இந்தப் பட்டன அமுக்கினீங்களா?”

“எந்தப் பட்டன்?”

“இந்தா, மஞ்சளா ஒரு கட்டி ஒட்டியிருக்கே, அதுக்குள்ள.” நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார். மோந்துவிட்டுக் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “துருவா இது? சந்தனம்! வருசா வருசம் வச்சிருக்கீங்க போல.”

நல்லமுத்துவுக்குக் காது சிவந்தது. ஆமாம், வைத்திருந்தார். அந்தக் குட்டிப் பட்டனைப் பார்த்தாலே பொட்டு வைக்கச் சொல்லிக் கேட்பதுபோல இருக்கும். ஆறு ஆயுத பூசை, ஆறு பொட்டு. ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்து பட்டனைப் பூட்டிவிட்டது. அடக் கடவுளே, லெட்சுமியின் கழுத்தை மடக்கியது வேன்காரன் மட்டுமில்லை, என் சுண்டு விரலும்தான் என்று அப்போதுதான் உறைத்தது. சிரிப்பு வரவில்லை.

“புதுசு வேணாம்” என்றார் மர்சூக். “சுடுதண்ணியில துணிய நனைச்சி ஒத்தடம் குடுங்க. ஊறினதும் பழைய பல் பிரசால தேய்ங்க. பட்டன அமுக்கிப் புடிச்சிக்கிட்டு ரெண்டு கம்பியையும் ஒண்ணா மேல தூக்கணும், கோணலா இழுத்தா சிக்கும். டக்குன்னு சத்தம் கேக்கணும். பொறகு பட்டன விட்டுட்டு மேல இருந்து அமுக்கிப் பாருங்க. எறங்கினா பூட்டல. ஒசரம் உச்சந்தலைக்குச் சமனா, பின்மண்டைக்கு ரொம்பக் கிட்ட இருக்கணும்.”

காசு வாங்காமல் அனுப்பினார். ஆனால் அன்றைக்கே கதையைத் திலக்ஷனுக்குப் போனில் சொல்லிவிட்டார், அது வேறு விஷயம்.

மறுநாள் காலை நல்லமுத்து பஸ் தரிப்பிடத்தில் காரை நிறுத்தி, முன் கதவைத் திறந்தார். எதிரே ஸ்டாண்டே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. ஹெட்ரெஸ்ட் தலை நிமிர்ந்து, இரண்டு கம்பிகளும் பளிச்சென்று தெரிய, லேஸ் சட்டை இல்லாமல் நின்றது.

“ஏறு புள்ள. சரி பண்ணிட்டேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “தப்பு என் மேலதான். பட்டன்ல சந்தனம்.”

“சாமி கும்பிட்டே என் கழுத்த மடக்கிட்டீங்க” என்றாள் லெட்சுமி. சிரிப்பை உதட்டுக்குள் அடக்கினாள்.

ஏறி உட்கார்ந்தாள். தலைக்குப் பின்னால் கையை விட்டு, மண்டைக்கும் மெத்தைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளிதான் என்று பார்த்தாள். உச்சியைத் தடவினாள், சமனாக இருந்தது. ஒரு குத்து விட்டாள், இறங்கவில்லை. நல்லமுத்து சாவியைத் திருகினார்.

“நில்லுங்க. ஒங்களுது?”

“என்னுதுக்கு என்னா? நான் குட்டதானே.”

“குட்டதான். அடியில ரெண்டு குசன் போட்டு ஒக்காந்திருக்கீங்களே, அது என்னா கணக்கு?”

நல்லமுத்து திரும்பிப் பார்த்தார். ரோடு தெரிவதற்காகப் போட்ட குசன்கள் ஆளை உயர்த்தியிருந்தன. அவருடைய ஹெட்ரெஸ்ட் லேஸ் சட்டையோடு தோளுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. பட்டனில் ஆறு வருடத்துச் சந்தனம் அப்படியே இருந்தது. இவளுடையதைச் சரி செய்யும் அவசரத்தில் தன் தலையை மறந்தே போனார்.

“பின்னேரம் பாத்துக்கலாம், ஒனக்கு நேரமாகுது.”

லெட்சுமி கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். “எனக்கு ஒண்ணுன்னா கஞ்சி வச்சிக் குடுக்க நீங்க இருந்தீங்க. ஒங்களுக்கு ஒண்ணுன்னா நான் தாங்குவேனா?” கண் கலங்கியதை மறைக்க ரோட்டைப் பார்த்தாள். பஸ் வந்தது. கண்டக்டர் “ஏறுங்க, ஏறுங்க” என்றான். அவள் ஏறவில்லை. “நீ போ தம்பி” என்று அனுப்பிவிட்டு, தேத்தண்ணிக் கடையிலிருந்து ஒரு கேத்தல் சுடுதண்ணி வாங்கிவந்து காரின் மேல் வைத்தாள்.

நல்லமுத்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒத்தடம் கொடுத்தார். ஸ்டாண்டிலிருந்து திலக்ஷன், “அண்ணே, கற்பூரம் வேணுமா?” என்று கத்தினான். மற்றவர்கள் விசிலடித்தார்கள். மஞ்சள் தண்ணீர் கதவோரம் வழிந்தது. இன்னொரு பஸ்ஸும் வந்து போனது.

டக்.

லெட்சுமி ஏறி உட்கார்ந்தாள். ஒரு கையால் அவர் நெற்றியைப் பின்னால் தள்ளி மெத்தையோடு சேர்த்தாள். மறு கையால் பிடரிக்குப் பின்னால் விரல் விட்டு அளந்தாள். உள்ளங்கையில் கேத்தல் சூடு இன்னும் இருந்தது.

“இப்ப எடுங்க” என்றாள்.

வண்டி நகர்ந்ததும், ஒரு மாதமாக மடுவத்தில் நடந்ததையெல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்தாள். நல்லமுத்து தலையை நன்றாகச் சாய்த்துக்கொண்டு “ம்” போட்டார்.