பாஸ்வேர்டை மாற்றிய மத்தியானம்

எங்கள் தெருவில் வைஃபை பாஸ்வேர்டு என்றால் அது போன் நம்பர்தான். ரூட்டர் மாட்ட வந்தவர் என்ன வைக்கட்டும் என்று கேட்டார். நானும் யோசிக்காமல் என் கணவரின் நம்பரைச் சொன்னேன். அருப்புக்கோட்டையில் இதே வீட்டின் முன்பக்கம் நாங்கள் சேலைக்கடை வைத்திருந்த காலத்தில் அதே நம்பரை ஷட்டரில் முழ உயரத்துக்கு எழுதி வைத்திருந்தோம். கடையை மூடிவிட்டு அவர் சவூதிக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியும் பெயின்ட் போகவில்லை. பாஸ்வேர்டைத் தெருவுக்கே எழுதிக் காட்டிய புத்திசாலி நான்.

நெட் வந்ததும் அவர் ஒரு கேமரா கொடுத்தனுப்பினார். மகள் பள்ளிக்கூடம் போனால் நான் தனியாக இருக்கிறேனே, திருடன் கிருடன் வந்தால் என்ன செய்வது என்று கவலை. ஹால் அலமாரி மேல் வாசலைப் பார்த்து வைத்தேன். வாசல் மட்டும்தான் தெரியும் என்று சொல்லியிருந்தார்.

மூன்று மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம் தலைக்குக் குளித்துவிட்டு, ஈர முடியை விரித்துப் போட்டு, ஃபேனுக்கு நேரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கர்ரென்று மெல்லிய சத்தம். நிமிர்ந்தால் கேமரா என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எழுந்து அடுப்படிப் பக்கம் போனேன். அதுவும் கூடவே திரும்பியது. யா அல்லா! துண்டை எடுத்து அதன்மேல் வீசினேன். கதவைத் தாழ்ப்பாள் போட்டு, ஜன்னலையெல்லாம் சாத்தினேன்.

அப்போதுதான் ஷட்டர் நம்பர் மண்டையில் உறைத்தது. வைஃபைக்குள் வந்தவன் கேமராவுக்குள்ளும் வரமாட்டானா? எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு முகமும் கண்முன் வந்து போனது. எவன்? என்னென்ன பார்த்தான்? மகள் இதே ஹாலில்தானே படுத்து உறங்குகிறாள்!

போனில் ரூட்டரின் பக்கத்தைத் திறந்தேன். அதற்கான யூசர் நேமும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்தன. அவசரத்தில் மூன்று தடவை தப்பாக அடித்தேன். யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்ற பட்டியலில் என் போன், டிவி, கேமரா. அது போக எனக்குத் தெரியாத இரண்டு போன். நாசமாப் போறவனுக! வைஃபை பாஸ்வேர்டை மாற்றினேன். எல்லாம் அறுந்தன. என் போனை மட்டும் திரும்பச் சேர்த்தேன்.

ஐந்து நிமிஷத்தில் அவர் கூப்பிட்டார். கேமரா ஏன் நின்றுபோனது என்று கேட்டார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி, போலீஸுக்குப் போகலாமா என்றேன்.

"பயப்படாத. திருப்புனது நாந்தான்" என்றார்.

அவர் போனிலிருந்தே அதைத் திருப்பலாமாம். அந்த இரண்டு போனும் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓசியில் படம் பார்ப்பதாக இருக்கும், விடு என்றார்.

"எத்தன நாளா திருப்புறீக?"

"மாட்டுன நாள்லருந்து. சும்மா, நீ என்ன செய்யுறன்னு பாப்பேன், பாத்துட்டு திரும்ப வாசலுக்கே வச்சிருவேன். ஆச இருக்காதா?"

எவனோ இல்லை, என் புருஷன்தான். பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை. கேமரா வைத்த மறுவாரம்தான் என்னைப் பெற்ற அத்தா மௌத்தானார். அடக்கம் முடிந்ததிலிருந்து, மகள் பஸ் ஏறியதும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதிருக்கிறேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. சாயங்காலம் போனில் நல்லாருக்கியா என்பார். நல்லாருக்கேன் என்பேன். அவரும் சரி என்று வைத்துவிடுவார்.

புது பாஸ்வேர்டைப் போட்டுக் கேமராவைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார்.

"நான் அழுதத பாத்தீகளா?" என்றேன்.

"பாத்தேன்" என்றார்.

"பெறகு ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா, நான் பாக்குறது ஒனக்குத் தெரிஞ்சிரும்ல."

நான் போனை வைத்துவிட்டேன். கேமராவுக்குப் புது பாஸ்வேர்டை இன்று வரை கொடுக்கவில்லை.