பதினெட்டு, மேலயா கீழயா

துறைமுகத்துக்குச் சரக்குப் பெட்டிகள் அனுப்பும் சின்ன அலுவலகம் ஒன்றில் எனக்குப் புரோகிராம் எழுதும் வேலை. குளிர்பெட்டியை எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும் என்று பெட்டிகள் நிற்கும் யார்டின் எலக்ட்ரீஷியனுக்கு அதுவரை போனில்தான் சொல்லிவந்தார்கள். அன்று முதல் என் புரோகிராம் சொல்லப்போகிறது. முதல் பெட்டி, மீன் கம்பெனி அண்ணாச்சியின் உறைந்த கணவாய். யார்டில் இறக்கியாயிற்று; அளவு போய்ச் சேர்ந்தால்தான் கரண்ட் கொடுப்பார்கள். கரண்ட் இல்லாமல் அதிக நேரம் நின்றால் சரக்கு போய்விடும்.

அண்ணாச்சி அடித்திருந்தது 18. புரோகிராம் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. வாங்காமல் என்ன செய்யும்? அந்தக் கட்டத்தை வெறும் ஸ்டிரிங்காக, எழுத்துச் சரமாக வைத்திருந்தேன். ‘கருவாடு’ என்று அடித்தாலும் வாங்கும்.

அனுப்பப்போகும்போது பட்டியலில் மேல் வரி கண்ணில் பட்டது: மறுநாள் வரவேண்டிய ஏரல் வாழைக்காய், 13. அது சரி. கணவாய்க்குப் பதினெட்டா? எங்கள் அறை ஏசியே அவ்வளவுதானே!

புக்கிங் பார்க்கும் அக்காவிடம் கேட்டேன். “கணவாய்க்கு மைனஸ் வேணும்லாக்கா? யாருமே போடலையே.”

“ஏலே, கணவாய்க்கு மைனஸ்தான். அத வேற வாயத் தொறந்து சொல்லுவாவளா?”

எனக்கு ஒரே குஷி. எல்லோருக்கும் தெரிந்த ஒன்று எழுத்தில் எங்குமே இல்லை! சரக்கின் பெயரைக் கேட்டதும் எலக்ட்ரீஷியன் தானே மைனஸைச் சேர்த்துக்கொள்வார். ஸ்டிரிங்குக்கு அது எங்கே தெரியும்?

“அப்ப கடல் சரக்குன்னாலே மைனஸ்னு எழுதிரவா?”

“டின்ல அடச்ச நண்டும் கடல் சரக்குதான, அது ஒறஞ்சா யார்லே பதில் சொல்லுவா?”

ஊகம் வேண்டாம் என்று முடிவுசெய்தேன். ஸ்டிரிங்கை எடுத்துவிட்டு ‘வெப்பநிலை’ என்று ஓர் ஆப்ஜெக்ட் எழுதினேன். எண்ணோடு, பூஜ்யத்துக்கு மேலா கீழா என்பதையும் சொன்னால்தான் அது உருவாகும். மறுபடி 18 கொடுத்துப் பார்த்தேன். மாட்டேன் என்றது.

“ஒன்னய மாதிரியே அடம்பிடிக்கி,” என்றபடி அக்கா அண்ணாச்சிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். “அண்ணாச்சி, பதினெட்டு மேலயா கீழயா?”

“என்னம்மா கேள்வி இது? மேல வச்சா பூனைகூடத் திங்காது.”

“கீழன்னு ஒங்க வாயால சொல்லுங்க.”

“கீழதாம்மா. கரண்டக் குடுக்கச் சொல்லு மொதல்ல.”

அக்கா திரையில் ‘கீழே’யைத் தொட்டார், தகவல் போனது. கொஞ்ச நேரத்தில் எலக்ட்ரீஷியன் பெட்டியின் முகப்பைப் படமெடுத்து அனுப்பினார். வைத்த அளவு −18. உள்ளே −14. சரக்கு இன்னும் இளகவில்லை. அடுத்த படம் கேட்டேன், அதற்கடுத்தது கேட்டேன். −16 வந்தபோது அவரே போன் செய்து, “எறங்குதுல்லா, விடேம்லே,” என்றார்.