சபாபதி வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் காப்பி

போன ஞாயிற்றுக்கிழமை நான் காப்பி போட்டேன்.

சிரிக்காதீர்கள். வாராவாரம் என்னைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் – அடுப்படியில் எனக்கு என்ன வேலை? குடிப்பது ஒன்றுதான். அப்படிப்பட்டவன் ஏன் போட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் சிநேகிதர் சபாபதி, அட்டாரா கச்சேரி சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ஜோகுபாளையத்தில் வீடு. எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். பேச்சு திரும்பிவிட்டது, வலது கையும் காலும் இன்னும் திரும்பவில்லை. பிள்ளைகள் கிடையாது. துடைத்துவிடுவது, ஊட்டுவது, முதுகில் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்கவைப்பது... எல்லாம் மனைவி கமலம்மாள்தான்.

நாங்கள் மூன்று பேர் – நான், பள்ளி ஆசிரியர் தேவசகாயம், தையற்கடை ரத்தினம் – ஞாயிறு தவறாமல் போய்ப் பார்ப்போம். ஆளுக்கு நாலு ஆரஞ்சுப் பழம். விளக்கு வைக்கிற வரை அரட்டை. நடுவில் கமலம்மாள் கையால் இரண்டு தரம் காப்பி. ‘இந்தக் காலத்தில் யார் இப்படி வந்து பார்க்கிறார்கள்!’ என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டு வீடு திரும்புவோம்.

போன வாரம் என் மனைவியும் கூட வந்தாள். பகல் இரண்டு மணி. டிகாக்‌ஷன் இறக்கக் கமலம்மாள் உள்ளே போனதும் சபாபதி குரலைத் தாழ்த்தினார்.

“ஏம்பா, நீங்க வந்தா எனக்குச் சந்தோஷம்தான். ஆனா இன்னிக்கு மட்டும் வராம இருந்திருக்கலாம்.”

எனக்குச் சுருக்கென்றது.

“லால்பாக்ல ஃப்ளவர் ஷோ. இன்னிக்குத்தான் கடைசி நாள். கல்யாணமாகி வந்ததுல இருந்து ஒரு ஷோவையும் அவ விட்டதில்ல. பக்கத்து வீட்டுல யாரையாவது உட்காரவெச்சிட்டுப் போயிட்டு வாயேன்னேன். ‘அவங்க வர்ற நாளாச்சே, யாரு காப்பி போட்டுக் குடுப்பா’ன்னு நின்னுட்டா.”

யோசித்துப் பாருங்கள். நோயாளியின் பக்கத்தில் மூன்று தடியன்கள் வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறோம். அந்த அம்மாளால் வெளியே போக முடியவில்லை. காரணம் யார்? நோயாளி இல்லை – நாங்கள்!

எட்டு மாதமாகச் ‘சபாபதிக்கு எப்படி இருக்கிறது?’ என்று வாய் ஓயாமல் கேட்டோமே... ‘உனக்கு எப்படி இருக்கிறது அம்மா?’ என்று ஒருவராவது கேட்டோமா? வெட்கமாகத்தான் இருந்தது.

என் மனைவி எழுந்து நேரே அடுப்படிக்குப் போனாள்.

“கமலம், பொடவைய மாத்திக்க. நானும் வரேன். ஜட்கா பிடிச்சா ஆறு மணிக்குள்ள வந்துடலாம்.”

“ஐயோ அக்கா! நாலு மணிக்கு அவருக்குக் கஞ்சி...”

“மூணு ஆம்பிளைங்க உட்கார்ந்திருக்காங்களே, எதுக்கு?”

நியாயமான கேள்வி. வாசல் வரை போன கமலம்மாள் மூன்று தரம் திரும்பி வந்தாள் – பவுடர் டப்பா இங்கே, கஞ்சிப் பானை அங்கே, முதுகுக்குக் கீழே சின்னத் தலையணையை மறந்துவிடக் கூடாது. கடைசியில் என் மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

நாலு மணிக்குத் திருப்பிப் படுக்கவைத்தோம். தேவசகாயம் தோளை, ரத்தினம் இடுப்பை, நான் காலை. ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில், “சாகப்பா, சாகு! போதும், என்னை விட்டுடுங்க!” என்று கன்னடமும் தமிழுமாக அலறினார் சபாபதி. மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது. இதைத் தினமும் தனியாகச் செய்கிற கமலம்மாள் என் தோள் உயரம்கூட இல்லை!

கஞ்சியில் பாதி சட்டையில் போயிற்று. “ரத்தினம், நீ தெச்ச சட்டைதானே... நீயே தோய்ச்சிடு” என்றார் சபாபதி. பெட்பேன் சமாசாரத்தைப் பத்திரிகையில் எழுத முடியாது. முடித்தோம், அவ்வளவுதான்.

சட்டையை அலசத் தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனேன். அங்கே ஓரமாக ஒரு டம்ளர் காப்பி. ஏடு படிந்து ஆறி அவலாகிக் கிடந்தது. யாருடையது என்று கேட்டேன்.

“அவளுதுதான். காலையில கலந்தது” என்றார் சபாபதி. “வாயில வெக்கிற நேரம் பார்த்துத்தான் எனக்கு ஏதாவது வேணும்னு தோணும். தினம் இதே கதைதான்.” அந்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கும். அடுத்த தடவை போகும்போது ஆரஞ்சை மறந்தாலும் பாதகமில்லை. ‘நான் இருக்கிறேன், நீ கொஞ்சம் வெளியே போய்விட்டு வா’ என்று சொல்ல மறக்காதீர்கள். எங்கள் மூவருக்கும் இனிமேல் ஞாயிறு இரண்டு முதல் ஆறு வரை ட்யூட்டி. என் மனைவி உத்தரவு!

ஆறு மணிக்கு ஜட்கா வந்து நின்றது. கமலம்மாள் காலெல்லாம் செம்மண், முகமெல்லாம் சிரிப்பு. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு டேலியா பார்த்தாளாம்... சொல்லி மாளவில்லை. பேச்சினூடே புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ரொம்ப நல்லா பார்த்துக்கிட்டாங்க” என்று பெரிய மனது பண்ணிப் பொய் சொன்னார் சபாபதி.

வழக்கமாக நான் உட்காரும் நாற்காலியில் அவளை உட்காரவைத்தேன். நான் போட்ட காப்பியை நீட்டினேன். ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள்.

“எப்படிம்மா இருக்கு?”

“நல்லா இல்லீங்கண்ணே” என்று சிரித்தாள். “ஆனா சூடா இருக்கு.”