எட்டேகால் மணித் திருத்தங்கள்

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல்மில்லில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நான் ஒருவன்தான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் நான், கேமரா இருண்டாலும் நான். திண்டுக்கல்லில் பஸ் பிடித்து அங்கே போய் இறங்குவதற்குள் பாதி அலுப்பு ஏறிவிடும். டைம் ஆபீஸ் அக்காவுக்கு நான் செய்ததை அந்த அலுப்பில்தான் செய்தேன். தப்பித்துக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை.

அந்த அக்கா வருடக்கணக்காகப் பஞ்சுத் தூசியில் நின்று இளைப்பு வாங்கிக்கொண்டவர். டாக்டர் சீட்டைக் காட்டி, கெஞ்சிக் கூத்தாடி, டைம் ஆபீசில் ஒரு நாற்காலி பிடித்திருந்தார். வருகைப் பதிவு அவர் பொறுப்பு. அந்த நாற்காலி போனால் மறுபடி தூசிதான்.

அப்போதெல்லாம் காலை எட்டேகாலுக்கு நெட்வொர்க் படுத்துக்கொள்ளும். ஒன்பது வரை எதுவும் திறக்காது. "நெட்டு ஏன்ப்பா இப்பிடி சாகுது?" என்று மேனேஜர் தினமும் கேட்பார். அவர் குரலைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

எங்களிடம் இருந்தது ஒரே பெரிய இயந்திரம். அதற்குள் வருகைப் பதிவுக்கு ஒன்று, குடோனுக்கு ஒன்று என்று நாலைந்து சர்வர்கள் வெறும் மென்பொருளாகக் குடியிருந்தன. அவற்றை இணைக்கும் ஸ்விட்சும் மென்பொருள்தான். விர்ச்சுவல் ஸ்விட்ச் என்போம். யாருக்கு வந்த தகவலோ அவருக்கு மட்டும் கொடுக்கும். அதில் புராமிஸ்குவஸ் மோட் என்று ஒன்று உண்டு. அதை அனுமதித்தால், கண்காணிக்கிற சர்வருக்கு மற்ற எல்லாருடைய தகவலும் ஒரு பிரதி வந்துவிடும். தபால்காரர் தெருக் கடிதம் முழுவதையும் ஒரே வீட்டில் பிரித்துக் காட்டுகிற மாதிரி. ஒரு நாள் காலையில் அதைத் திறந்துவிட்டு உட்கார்ந்தேன்.

எட்டேகாலுக்கு ஆரம்பித்தது. டைம் ஆபீஸ் கணினியிலிருந்து திருத்தத்துக்கு மேல் திருத்தம். எங்கள் வருகை மென்பொருள் அரதப் பழசு. ஒருவரின் நேரத்தை மாற்றினால்கூட மாதத்தின் மொத்தப் பதிவேட்டையும் இழுத்துக்கொண்டு வரும். அந்தச் சுமையில்தான் நெட்வொர்க் படுத்தது. எதுவும் மறைக்கப்படாமல் எல்லாம் அப்படியே படிக்கத் தெரிந்தது. 8.14க்கு விரல் வைத்தவருக்கு 7.58. 8.15க்கு 7.59. எட்டைத் தாண்டினால் அரை ஷிப்ட் சம்பளம் வெட்டு. மில் பஸ் அநேகமாகத் தினமும் தாமதம்தான். அதில் வரும் பெண்களுக்கு வெட்டு விழாமல் இருக்க அக்கா நேரத்தைத் திருத்துவார். பஸ்ஸை விடுவதே மில்தானே? சூப்பர்வைசர்களுக்குத் தெரியும், வாட்ச்மேனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். யாரும் வாயைத் திறந்ததில்லை.

தெரிந்திருந்தும், காரணம் கிடைத்துவிட்ட நிம்மதியில், திரையில் இருந்ததை அப்படியே படம் பிடித்து மேனேஜருக்கு அனுப்பினேன். மென்பொருளை மாற்ற வேண்டும் என்று கீழே எழுதினேன். ஒரு வரியையும் மறைக்கத் தோன்றவில்லை. சனியன் தொலைந்தது என்று டீ குடிக்கப் போய்விட்டேன்.

மேனேஜர் மென்பொருளைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

"இதெல்லாம் யாரு மாத்துனது?"

படத்திலேயே அக்காவின் லாகின் இருந்தது.

"பஸ் லேட்டு சார், அதுக்குத்தான்..."

"அப்ப அம்புட்டும் தெரிஞ்சுதான் இருந்தியா?"

அதோடு வாயை மூடிக்கொண்டேன். பயம்தான், வேறென்ன.

மறுநாளே அக்காவைப் பஞ்சு குடோனுக்கு மாற்றினார்கள். திருத்தம் நின்றது, நெட்வொர்க் பறந்தது. மேனேஜர் என் முதுகில் தட்டிக் கொடுத்தார். எனக்குக் கூசிப்போனது.

அந்த வாரமே குடோன் வாசலில் அக்காவைப் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்க நெருங்கினேன். அவரே முந்திக்கொண்டார்.

"நெட்டு ஏன் நிக்குதுன்னு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல தம்பி? என்னாலதான்னு எனக்குத் தெரியாதுப்பா. சொல்லியிருந்தா சாயங்காலமா உக்காந்து மாத்திருப்பேனே."

நாங்கள் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்தவர்கள். மேலே ஏதோ சொல்ல வந்தார். மூச்சு எட்டவில்லை; கையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனார்.