காரப்பொடி தெரிந்த பக்கம்

நாவலூரில் சத்யப்ரியா வேலை பார்த்த கம்பெனியில் நிரந்தர ஊழியர்களின் அடையாள அட்டைக்கு நீல நாடா, ஒப்பந்த ஊழியர்களுக்குப் பச்சை நாடா. ஏழு வருடமாக அவள் கழுத்தில் பச்சைதான். சேர்ந்தபோது அவளுக்குக் கொடுத்த வேலை, மூன்றாம் மாடி ஆய்வறையில் சர்வர்களை அடுக்குவது, கேபிள் மாட்டுவது, உறைந்துபோன இயந்திரத்தை அணைத்து மறுபடி கிளப்புவது. தாம்பரத்தில் மாலைக் கல்லூரியில் இயற்பியல் படித்தவள். நிரல் எழுத யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தரவில்லை. எந்த இயந்திரம் ஏன் உறைகிறது என்று எரிச்சலோடு பார்க்க ஆரம்பித்து, நாலாம் வருடம் அந்தக் காரணங்களைத் தேடிப் பிடிக்கும் நிரல்களைத் தானே எழுதிக்கொண்டிருந்தாள். அதன் பிறகு சோதனைப் பிரிவில் ஒரு நாற்காலி கிடைத்தது. நாடாவின் நிறம் மட்டும் மாறவில்லை.

வீடு ஊரப்பாக்கத்தில். அவளும் அம்மா காந்தாவும் மட்டும். கோவளம் குப்பத்தில் பிறந்த குடும்பம். அப்பா போன பிறகு, ரயிலடி பக்கம் இருந்தால் பிழைப்புக்குத் தோது என்று இங்கே வந்தார்கள். காந்தா தாம்பரம் சந்தையில் மீன் விற்கிறாள். சத்யப்ரியா தாம்பரத்தில் இறங்கி, மேடவாக்கம் வழியாக நாவலூர் போகும் கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பாள்.

ஒருநாள் பிளாட்பாரத்தில் காந்தா கேட்டாள். "இத்தினி வருசமா போய்கினு கீற. உங்க கம்பெனில இன்னாதான்டி விக்கிறாங்கோ?"

"பூட்டும்மா. கம்ப்யூட்டருக்குள்ள போடுற பூட்டு."

"திருடன் வந்தா சத்தம் போடுமா?"

"போடாது. அவன் எடுத்துகினு போனாலும் ஒரு எழுத்துகூட புரியாது."

"அப்ப நல்ல பூட்டுதான்" என்று காந்தா ஒப்புக்கொண்டாள்.

அம்மாவுக்குச் சொன்னது பொய்யில்லை. இப்போதெல்லாம் ஆஸ்பத்திரிகளும் வங்கிகளும் சொந்தமாகக் கணினி வாங்கி வைப்பதில்லை. எங்கோ இருக்கும் ஒரு பெரிய இயந்திரத்தில் ஒரு பகுதியை வாடகைக்கு எடுக்கிறார்கள். அந்தப் பகுதிக்கு மெய்நிகர் கணினி என்று பெயர். அதைத் தாங்கும் பெரிய இயந்திரம் ஹோஸ்ட். ஹோஸ்ட்டை நடத்துகிறவர் நினைத்தால் வாடகைக்காரரின் நினைவகத்தில் ஓடுவதையெல்லாம் எட்டிப் பார்க்கலாம். அதைத் தடுக்கத்தான் புதிய வகைப் பூட்டு. வாடகைக்காரரின் நினைவகத்தைப் பிராசசரே சங்கேதமாக்கி வைத்துவிடும். சாவி ஹோஸ்ட்டுக்குக் கிடைக்காது.

ஆனால் எல்லாவற்றையும் பூட்டிவிட்டால் வெளியுலகத்தோடு பேச முடியாது. ஒரு கோப்பை அனுப்ப வேண்டுமென்றால், அதை ஹோஸ்ட் கையில் கொடுத்தாக வேண்டும். அதற்காகச் சில பக்கங்களை மட்டும் பொதுப் பக்கங்களாகத் திறந்துவிடுவார்கள். நாலாயிரத்துச் சொச்சம் எழுத்து கொள்ளும் நினைவகத் துண்டுக்குப் பக்கம் என்று பெயர். வேலை முடிந்ததும் பொதுப் பக்கத்தை மறுபடி தனிப் பக்கமாகப் பூட்டி, அடுத்த உபயோகத்துக்காகக் காலிப் பக்கங்களின் சேமிப்பில் சேர்ப்பார்கள். இப்படித் திறப்பதும் பூட்டுவதும் நொடிக்கு ஆயிரம் முறை நடக்கும். கம்பெனி எழுதியிருந்த நிரல் இந்த வேலையைத்தான் பார்த்தது. ஸ்கேன் மையங்கள் நடத்தும் ஒரு மருத்துவமனைக் குழுமம் அதை வாங்குவதாக இருந்தது. ஒப்படைக்க மூன்று வாரம்.

சத்யப்ரியாவின் சோதனை எளிமையானது. மெய்நிகர் கணினிக்குள் தனிப் பக்கங்களில் சில வார்த்தைகளை எழுதிவைப்பாள். ஹோஸ்ட் பக்கமிருந்து இன்னொரு நிரல் நினைவகம் முழுக்கத் துழாவி அந்த வார்த்தைகளைத் தேடும். கிடைக்கக்கூடாது. மற்றவர்கள் இதற்கு எண்களைப் போடுவார்கள். அவளுக்கு எண்கள் கண்ணில் நிற்காது. மீன் பெயர்களைப் போட்டிருந்தாள். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, காரப்பொடி.

பதினோராயிரம் சுற்று ஓடிய பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஹோஸ்ட் திரையில் 'காரப்பொடி' என்று வந்தது. ஒரே ஒரு தடவை.

குழுத் தலைவன் அனிருத்திடம் ஓடினாள். முப்பத்தொரு வயது, கெட்டிக்காரன். அந்த நிரலில் பாதிக்கு மேல் அவன் எழுதியது.

"பதினோராயிரத்துல ஒண்ணா? டெஸ்ட்ல ஏதாவது கோளாறா இருக்கும், ப்ரியா. மறுபடி ஓட்டு."

மறுபடி ஓட்டினாள். எட்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு நெத்திலி வந்தது. அனிருத் அதைப் பார்த்தான். உதட்டைக் கடித்தான். பிறகு அந்தச் சோதனையின் மேல் 'நம்பத்தகாதது, ஒதுக்குக' என்ற குறியைப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனான்.

சத்யப்ரியாவுக்குக் காது சூடாகிவிட்டது. தன் சோதனையைத் தப்பு என்றது கூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. காரப்பொடி இருந்த இடத்தில் நாளைக்கு யாரோ ஒரு பெண்ணின் மார்பக ஸ்கேன் முடிவு இருக்கும். அதை யாரோ உட்கார்ந்து படிப்பான். 'நம்பத்தகாதது' என்ற குறியை அவள் எடுக்கவில்லை. எடுக்க அவளுக்கு அதிகாரமும் இல்லை. சோதனையை நகலெடுத்து, வேறு பெயர் வைத்து, ஆய்வறையில் யாரும் சீண்டாத பழைய சர்வரில் ஏற்றினாள்.

ஒரு வாரம் ஒன்றும் பிடிபடவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மடிக்கணினியில் நிரலை வரிவரியாகப் படித்துக்கொண்டு போனாள். பள்ளிக்கரணைச் சதுப்புத் தண்ணீரும், சோழிங்கநல்லூர் சிக்னலும் எப்போது கடந்தன என்றே தெரியாது. எட்டாம் நாள், பதிவேட்டில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மீன் தப்பித்து வந்த ஒவ்வொரு முறையும், மெய்நிகர் கணினியில் காலி நினைவகம் ஏறக்குறைய தீர்ந்திருந்தது.

உடனே நினைவகத்தை வேண்டுமென்றே நெருக்கினாள். பதினோராயிரத்துக்கு ஒன்றாக இருந்தது நாற்பதுக்கு ஒன்றாக வந்தது. சங்கரா, வஞ்சிரம், நெத்திலி என்று திரையில் வரிசை கட்டின. அவ்வளவு கோபத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மிச்சம் அரை நாள் வேலைதான். பொதுப் பக்கத்தைத் தனிப் பக்கமாக மாற்றும் கட்டளை ஒவ்வொரு முறையும் என்ன பதில் தருகிறது என்று அச்சிட வைத்தாள். நெருக்கடியில் சில நேரம் அந்தக் கட்டளை தோற்றது. "முடியவில்லை" என்று ஒழுங்காகப் பதிலும் சொன்னது. ஆனால் கட்டளை இட்ட நிரல் அந்தப் பதிலைக் காதில் வாங்கவே இல்லை. பக்கம் பூட்டப்பட்டுவிட்டது என்று நினைத்து, அதைத் தூக்கிச் சேமிப்பில் போட்டது. அடுத்த நொடி வேறொரு நிரல் அந்தப் பக்கத்தை வாங்கி, பத்திரமான இடம் என்று நம்பி ரகசியத்தை எழுதியது. பக்கமோ வெளியே பார்த்துத் திறந்துகிடந்தது.

அனிருத்திடம் காட்டினாள். இந்த முறை அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நெடுநேரம் படித்தான்.

"நீ சொல்றது சரி" என்றான். குரல் இறங்கியிருந்தது. "என் கோடுதான். ஆனா மெமரி காலியானாத்தானே நடக்குது? கஸ்டமர் மெஷின்ல தாராளமா இருக்கும். கொடுத்துட்டு அப்புறம் சரி பண்ணலாமே."

அவள் தன் இடத்துக்கு வந்தாள். அவன் சொன்னதில் எங்கோ இடித்தது. மதியம் முழுக்க அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாற்றும் கட்டளை எங்கே போகிறது? ஹோஸ்ட்டிடம் போய், "இந்தப் பக்கத்தை இனிமேல் தனியாக்கு" என்று கேட்கிறது. ஹோஸ்ட் சரி என்றால் சரி. ஹோஸ்ட் மாட்டேன் என்றால்?

நினைவகம் தீரும்வரை எந்தத் திருடன் காத்திருப்பான்? ஹோஸ்ட்டை நடத்துகிறவனே திருடனாக இருந்தால், ஒவ்வொரு முறையும் "முடியாது" என்று சொன்னால் போதும். திறந்த பக்கங்களை நாமே அவனுக்கு வரிசையாகக் கொடுத்துக்கொண்டிருப்போம். யாரை நம்பக்கூடாது என்று இந்தப் பூட்டைச் செய்தார்களோ, அவன் கையிலேயே பூட்டும் பொறுப்பும் இருந்தது.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு, ஒப்படைப்பு பற்றிய கூட்டம். மேலாளர் தோத்தாத்ரி நடுவில். ஐம்பது தாண்டியவர்; அதிகம் பேசமாட்டார், கேட்பார். பச்சை நாடாக்காரர்களுக்கு அந்தக் கூட்டத்தில் வழக்கமாக வேலையில்லை. சத்யப்ரியா கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

"சார், அஞ்சு நிமிஷம். ஒண்ணு காட்டணும்."

அனிருத் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தோத்தாத்ரி கையைக் காட்டினார். "காட்டும்மா."

சுவர்த்திரையில் இரண்டு ஜன்னல்களைத் திறந்தாள். இடது பக்கம் மெய்நிகர் கணினி, தாராளமான காலி நினைவகத்தோடு. வலது பக்கம் ஹோஸ்ட். ஹோஸ்ட்டின் நிரலில் முந்தின சாயங்காலம் மூன்றே வரி சேர்த்திருந்தாள்: யார் கேட்டாலும் முடியாது என்று சொல்.

"சார், உங்க பேரை இதுல டைப் பண்ணுங்க. பூட்டின இடத்துக்குத்தான் போகும்."

அவர் தன் பெயரையும், என்ன தோன்றியதோ, தன் ரத்த வகையையும் அடித்தார். நாலு நொடி. வலது பக்கம் ஒரு வரி வந்தது. தோத்தாத்ரி, ஓ நெகடிவ்.

கடைசி நாற்காலியில் இருந்தவர் எழுந்து திரைக்கருகே வந்து பார்த்தார்.

"இது எத்தனை தடவைக்கு ஒரு தடவை நடக்கும்?" என்று தோத்தாத்ரி கேட்டார்.

"ஹோஸ்ட்காரன் எப்பல்லாம் நினைக்கிறானோ அப்பல்லாம், சார்."

அவர் அனிருத் பக்கம் திரும்பினார். அனிருத் எழுந்து நின்றுவிட்டான். சாக்கு எதுவும் சொல்லவில்லை. "சார், இந்த டெஸ்டை ஒதுக்கச் சொன்னது நான். ப்ரியா பத்து நாளா சொல்லிட்டே இருக்கா" என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்காக சத்யப்ரியா அவனை அன்றே மன்னித்துவிட்டாள்.

ஒப்படைப்பு தள்ளிப்போனது. "சரி பண்றது யார்?" என்று தோத்தாத்ரி கேட்டபோது, அனிருத்தே அவளைக் கைகாட்டினான்.

அவள் எழுதிய திருத்தம் பன்னிரண்டு வரி. கட்டளையின் பதிலைக் கேள். பூட்ட முடியவில்லை என்றால், அந்தப் பக்கத்தைச் சேமிப்பில் சேர்க்காதே. யாருக்கும் கொடுக்காதே. அப்படியே கைவிடு. நெருக்கடியிலேயே நாற்பதாயிரம் சுற்று ஓட்டினாள். இருநூறு பக்கம் போல வீணாய்ப் போயின. ஒரு மீன்கூட வெளியே வரவில்லை.

அதே அலட்சியம் வேறெங்காவது இருக்குமோ என்று தேடியபோது, உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதிப் பகிர்ந்துகொள்ளும் திறந்த நிரலில், அனிருத் தன் நிரலுக்கு மாதிரியாக எடுத்துக்கொண்ட பகுதியிலேயே அது இருந்தது. அங்கே திருத்தம் அனுப்ப வேண்டுமென்றால் பொது மின்மடல் குழுவில், எல்லோர் கண் முன்னாலும், ஆங்கிலத்தில் விளக்கி எழுத வேண்டும்.

"நீங்க அனுப்பிடுங்களேன், அனிருத். என் இங்கிலீஷ் உங்களுக்கே தெரியும்."

"கண்டுபிடிச்சது நீ, எழுதினது நீ. என் பேரைப் போட்டா நல்லா இருக்குமா? எழுது. ஸ்பெல்லிங் மட்டும் நான் பாக்கறேன்."

அனுப்பி இரண்டு நாளில், அந்தப் பகுதியைப் பராமரிக்கும் ஒரு வெளிநாட்டுக்காரர் கறாராக ஒரு கேள்வி கேட்டார். நினைவகத்தைத் தெரிந்தே வீணாக்குவதா? இது எந்த ஊர் நியாயம்? சத்யப்ரியா நாலு முறை எழுதி, நாலு முறை அழித்து, கடைசியில் இரண்டே வாக்கியம் அனுப்பினாள். பக்கத்தைக் கைவிட்டால் நாலு கிலோபைட் நஷ்டம். திருப்பிக் கொடுத்தால், அதில் அடுத்து என்ன எழுதப்படும் என்று நமக்குத் தெரியாது.

வியாழக்கிழமை காலை, பஸ் மேடவாக்கம் கூட்டுரோட்டில் நின்றுகொண்டிருந்தபோது பதில் வந்தது. "சரியான வாதம். ஏற்றுக்கொள்கிறேன். நன்றி." கீழே திருத்தத்தை எழுதியவர் என்ற இடத்தில் அவள் முழுப் பெயர். அதை மூன்று முறை படித்தாள். பிறகு, தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமல், பஸ்ஸில் எழுந்து நின்று இரண்டு கையையும் மேலே தூக்கி, "ஏத்துகினாங்கோ!" என்று கத்தினாள். எதற்கென்று தெரியாமலே பின்சீட்டில் நாலு பேர் கை தட்டினார்கள்.

அடுத்த வாரம் மருத்துவமனைக் குழுமம் தன் சொந்தப் பாதுகாப்பு நிபுணர்களை அழைத்துவந்தது. மூன்று நாள் எல்லா வித்தையும் காட்டிப் பார்த்தார்கள். ஹோஸ்ட்டைப் பொய் சொல்ல வைத்தார்கள், மறுக்க வைத்தார்கள், நடுவில் அணைத்தார்கள். ஒரு எழுத்துகூட வெளியே வரவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே தோத்தாத்ரி அவளைக் கூப்பிட்டு ஒரு உறையைக் கொடுத்தார். நிரந்தர வேலை, இனி நினைவகப் பகுதி முழுக்க அவள் பொறுப்பு. "இது ஏழு வருஷம் லேட்டு. எங்க தப்பு" என்றார்.

சாயங்காலம் தாம்பரத்தில் இறங்கி நேரே சந்தைக்குப் போனாள். காந்தா ஒரு வாடிக்கைக்காரருக்குச் சங்கரா வெட்டிக்கொண்டிருந்தாள். சேதியைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீ கெட்டின பூட்ட அவங்கோ எல்லாம் போட்டுப்பாங்களா? வெள்ளக்காரங்கோகூட?"

"அவங்களுந்தான்மா."

"ஏ, கேட்டீங்களாடி!" என்று காந்தா வரிசை முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தாள். "என் பொண்ணு கெட்டின பூட்டு, ஊரு உலகத்துக்கே!" பக்கத்துக் கடைக்காரிகள் சூழ்ந்துகொண்டார்கள். மீன் வாங்க வந்தவர் பொறுமையாகக் காத்திருந்து, கடைசியில் அவரும் கைகொடுத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை சத்யப்ரியா அதே திறந்த நிரலில் இன்னும் இரண்டு இடங்களில் அதே ஓட்டையைக் கண்டுபிடித்து அனுப்பினாள். இந்த முறை ஸ்பெல்லிங் பார்க்க யாரையும் கேட்கவில்லை. கேள்வி எதுவும் வரவில்லை. ஒரு மணி நேரத்தில் இரண்டையும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.