கல்வாரிக்குப் பேர் வைத்தவன்

மில்லின் புகைபோக்கிக்கு அஸ்திவாரம் போட்டவன் நான். பக்கத்துக் கதிர்காமத்தில் மழைக்கு மழை சரிந்த மதிலை, இனி சரியாதபடி நிறுத்தியவன் நான். நோணாங்குப்பத்தில் தண்ணீர் அரித்துப்போன படித்துறையை, முடியாது என்று எல்லோரும் கைவிட்ட பிறகு கட்டி முடித்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் படிப்பு. இதையெல்லாம் இப்போது யாரும் கேட்பதில்லை. சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. ஒன்றை மட்டும் விட முடியவில்லை. மூலக்குளம் போகிற பாதையில் மேட்டின் மேல் சிலுவை நிற்கிறதே, அதற்குக் கல்வாரி என்று பேர் வந்தது என்னால். புதிதாகப் பதித்திருக்கும் சலவைக்கல்லில் அந்தக் காலத்துப் பங்குச் சாமியார் பேர் மட்டும் இருக்கிறது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில். பிரெஞ்சுக்காரன் ஆட்சி. மில் பாதி நாள் மூடிக் கிடந்தது. அந்தப் பொட்டல் மேட்டில் லூர்து மாதாவுக்குக் குகை மாதிரி ஒரு கெபி கட்ட வேண்டும் என்றார் சாமியார். மாதாவின் சிலை, அதான் சுரூபம், பிரான்சிலிருந்து கப்பல் ஏறிவிட்டது. கடைக்கால் தோண்டும்போது மண்ணோடு ஒரு மண்டை ஓடு வந்தது. பிறகு இன்னொன்று. வாந்திபேதிக் காலத்தில் பிணங்களை அள்ளிப் புதைத்த இடம் போலிருக்கிறது.

மண் சுமந்த சித்தாள் கூடையைக் கவிழ்த்தாள். மில் மூடியதால் வேலைக்கு வந்தவள், வாய்க்காரி.

"பொணத்து மேல கெபி கட்டுனா மாதா வந்து நிப்பாங்களா மேஸ்திரி? நான் போறேன்."

"மாதா நிப்பாங்க. நீ நில்லு மொதல்ல."

"நீயே நில்லு. ஒனக்குத்தான் பொணமும் ஒண்ணு, செங்கல்லும் ஒண்ணு!"

அவள் போனதும் ஆட்கள் எல்லோரும் போய்விட்டார்கள். சாமியாரும் சோர்ந்துபோய், "வேற எடம் பாக்கலாம்" என்றார். வேறு இடம் ஏது? வேலை கைவிட்டுப் போகிறதே என்று கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் வீட்டுக்குப் போய்ப் புலம்பினேன். அவர் சிரித்தார்.

"சிலுவையில தொங்குற பாடுபட்ட சுரூபத்துக்கு அடியில ஒரு மண்டை ஓடு இருக்குமே, பாத்ததில்லையாய்யா?"

வருஷா வருஷம் பெரிய வெள்ளியன்று அந்தச் சுரூபத்தை முத்தமிட்டு முத்தி செய்கிறேன். அடியில் இருப்பதை ஏதோ குமிழ் என்றுதான் நினைத்திருந்தேன்.

"அது ஆதாமோட மண்டைன்னு பெரியவங்க சொல்லுவாங்க. ஆண்டவரைச் சிலுவையில அறைஞ்சது அது பொதஞ்ச எடத்துலதானாம். கல்வாரின்னா மண்டை ஓட்டு எடம்னு அர்த்தம்."

அங்கிருந்து நேராகச் சாமியாரிடம் போனேன். "கெபி வேணாம் சாமி. அது ஏற்கெனவே கல்வாரி. மண்டைங்கள எடுத்த எடத்துலயே வெச்சு மூடிட்டு, மேல சிலுவை நடுவோம்" என்றேன். சாமியார் தலையாட்டினார். பிறகு, "கப்பல்ல வர மாதாவ என்ன செய்யிறது? அது சிரிச்ச முகமாச்சே, சிலுவைக்கிட்ட எப்படி நிக்கும்" என்றார்.

"மாதா அண்ணாந்து மேலதான பாக்குறாங்க? சிலுவைக்கு அடியில நிறுத்துங்க. பெத்த புள்ளையத்தான பாப்பாங்க."

அதனால்தான் எங்கள் கல்வாரியில், மகனுக்காகத் துக்கப்படுகிற வியாகுல மாதா லூர்து மாதாவின் நீலக் கச்சை கட்டிக்கொண்டு நிற்கிறாள். முதல் பெரிய வெள்ளியன்று அவளுக்குக் கறுப்புத் துணி போர்த்தியது அந்தச் சித்தாள்தான். "பொணத்து மேலயே நிக்க வெச்சுட்டியே மேஸ்திரி" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம் முழந்தாளில் விழுந்தாள். அன்றைக்கே சனங்கள் வாயில் கல்வாரி என்ற பேர் ஏறிவிட்டது.

இப்போது அந்த மேடு ஏற எனக்கு மூச்சு போதவில்லை. பாதியில் உட்கார்ந்து உட்கார்ந்து போய்த்தான் கல்லைப் பார்த்தேன். கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை படித்துக் காட்டினார். சாமியார் கண்டுபிடித்துப் பேரிட்ட இடமாம். சாமியார் புண்ணியவான், அவர் பேரை எடுக்கச் சொல்லவில்லை. அதற்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது, தடவிப் பார்த்தேன். நான் கண்ணை மூடுவதற்குள் அதில் என் பேரைப் பொறித்துவிடுங்கள்.