ஹமீதா ராத்தாவின் பெயரில்லாப் படங்கள்

கடைக் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. "ஹமீதா மௌத்தாயிட்டா தங்கச்சி" என்றார் அவருடைய கணவர் ரியாஸ் நானா. திறந்த கதவை மறுபடி பூட்டிவிட்டு மரண வீட்டுக்கு நடந்தேன்.

மாத்தளைக் கடைத்தெருவில் என் புத்தகக் கடைக்கு அடுத்தது அவர்களுடைய பெயின்ட் கடை. ஹமீதா எனக்கு மூத்தவர் என்பதால் ராத்தா என்றும், அவர் கணவரை அண்ணன் முறையில் நானா என்றும் அழைப்பேன். வீட்டுச் சுவருக்கு நிறம் வாங்கப் போன எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவர் ஓவியர் என்பது மாத்தளைக்காரர்களாகிய உங்களில் சிலருக்குத்தான் தெரியும். அவர் அதை மறைக்கவில்லை, நீங்கள் கேட்கவில்லை.

அட்டையில் பார்த்த நிறம் சுவரில் வரவில்லை என்று ஆட்கள் திருப்பிக் கொடுக்கும் டின்கள்தான் அவருடைய சொத்து. மத்தியானம் கூட்டம் குறைந்ததும், கடையின் பின்னறையில் ஒரு பிளைவுட் பலகையைச் சாய்த்துவைத்து, பட்டி பூசும் தகட்டால் நிறத்தை இழுக்கத் தொடங்குவார். பென்சில் கோடு கிடையாது. மரம், வீடு, மனிதர் எதுவும் இருக்காது. நிறத்தோடு நிறம் மோதும், அவ்வளவுதான். என்ன வரையப்போகிறீர்கள் என்று கேட்டால், "கை போன பொறகுதான் எனக்கே தெரியும்" என்பார். அவ்வளவு தைரியமாக ஒரு வெற்றுப் பலகைக்கு முன்னால் நின்ற வேறொருவரை நான் பார்த்ததில்லை.

ஒருமுறை இருவரும் ரிவர்ஸ்டன் மலைக்கு பஸ்ஸில் போனோம். ரத்தோட்டையைத் தாண்டியதும் மூடுபனி. நான் ஜன்னலிலிருந்து முகத்தை எடுக்கவேயில்லை. ராத்தா தலைச்சுற்றலுக்கு ஒரு தோடம்பழத்தை உரித்து, பாதியை முன் இருக்கையில் வாந்தியெடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவுக்குக் கொடுத்தார். அடுத்த வாரம் வெள்ளையும் சாம்பலும் எதிர்பார்த்துப் பின்னறைக்குப் போனேன். பலகை முழுக்கத் தோடம்பழத்தின் ஆரஞ்சு நிறம். மூலையில் மட்டும் கொஞ்சம் ஈரப் பச்சை. பனியெல்லாம் எங்கே என்றேன்.

"பனிய நீ பாத்தியே, போதாதா?" என்று சிரித்தார்.

மாத்தளைக்கு வடக்கே, நாலந்தாப் பக்கத்து ஹோட்டல்காரர் ஒருவர் அந்தப் படத்தையும் இன்னும் சிலவற்றையும் கேட்டு வந்தார். கீழே அருவி, பனிமலை என்று ஏதாவது பெயர் எழுதித் தரவேண்டும் என்றார். ராத்தா மாட்டேன் என்றுவிட்டார். "பேரு வச்சா பேரப் பாத்துட்டுப் போயிருவாங்க." நானாவுக்குக் கோபம் வந்தது. பெயர் எழுதினால் தனக்காவது விளங்குமே என்று அவர் நினைத்திருந்தார். இத்தனை படங்களில் தான் எங்கேயாவது இருக்கிறோமா என்பது அவருடைய நெடுநாள் குறை. ராத்தாவிடம் கேட்டும் பார்த்தார். அவர் சிரித்ததோடு சரி.

சென்ற வாரம் கடைச் சுவரெங்கும் அவருடைய படங்களை மாட்டினோம். அவரோடு அதிகம் சுற்றியவள் நான்தான் என்று, ஒவ்வொன்றின் கீழும் பெயர் எழுதச் சொல்லி நானா என்னிடம் பேனாவைக் கொடுத்தார். தோடம்பழ நிறப் படத்தின் முன் நின்று, இதுவாவது என்னவென்று சொல்லும்படி கேட்டார். பஸ்ஸையும் பழத்தையும் சொன்னேன்.

அவர் பலகைக்குக் கிட்டப் போய் அந்த நிறத்தை விரலால் தொட்டார்.

"காலையில சந்தைக்குப் போயி நான்தான் அந்தப் பழத்த வாங்கிக் குடுத்தேன்" என்றார். "பஸ்ஸுல அவளுக்குத் தல சுத்தும்னு."

என் கையிலிருந்த பேனாவை வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "பேரு வேணாம் தங்கச்சி. அவ சொன்ன மாதிரியே இருக்கட்டும்."

அந்தப் படத்தை இனி அவர் யாருக்கும் கொடுக்கமாட்டார். கொடுக்கவும் கூடாது. ராத்தாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறு. இப்போதெல்லாம் ரிவர்ஸ்டன் பஸ்ஸில் ஏறினால், ஜன்னலுக்கு வெளியே பார்க்குமுன், பக்கத்தில் இருப்பவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன்.